டெக்சாஸ் சாணி

"விதை, மண், செடி ஏதாவது கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்று டல்லாஸ் விமான நிலையத்தில் சீருடை போட்ட ஒரு பெண் எனக்கும் புரியும்படி மெதுவாகக் கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"இல்லைன்னு சொல்லிடுங்க அக்கா, ஒண்ணும் ஆகாது" என்று என் தங்கை வீட்டுக்காரர் செல்வம் ஃபோனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் கால் இரண்டும் வீங்கி, விமானத்தில் கொடுத்த ஈர ரொட்டி தொண்டையிலேயே நின்று, ஏற்கெனவே எரிச்சலில் இருந்தேன். எரிச்சலில் இருக்கும்போது எனக்குப் பொய் சொல்ல வராது. துணிப்பையை அவிழ்த்துக் கொத்தவரை, அவரை, வரிக்கத்தரி, புடலை என்று ஒவ்வொரு முடிச்சாக எடுத்து வைத்தேன். அந்தப் பெண் கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு தொட்டியில் போட்டாள்.

"வெளியிலிருந்து எந்த நோயும் எங்கள் மண்ணுக்குள் வந்துவிடக் கூடாது அம்மா" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதனால் இன்னும் கோபம் வந்தது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மூன்று ஏக்கரில், பல வருடங்களாக மருந்து அடிக்காமல் காய்கறி விளைவிப்பவள் நான். என் விதைக்கு நோயா?

வெளியே என் தங்கை சுமதி கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். செல்வம் பெட்டியைத் தள்ளிக்கொண்டு, "விதை?" என்றார்.

"குப்பையில போட்டாச்சு மாப்பிள்ளை."

"நான்தான் சொன்னேனே அக்கா" என்றார். அமெரிக்காவில் என்னிடம் பேசப்பட்ட முதல் சண்டைக்குரிய வாக்கியம் அது.

நான் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. செல்வத்துக்குக் கணினி வேலை போய்விட்டது. மறுபடி வேலை தேடாமல், அவர்கள் குடியிருந்த பிளானோ ஊருக்கு வடக்கே கொஞ்சம் நிலம் வாங்கி, இயற்கை முறையில் காய்கறி போடப்போவதாக அறிவித்துவிட்டார். கத்தரிச் செடியையும் மிளகாய்ச் செடியையும் பூ வந்த பிறகுதான் பிரித்துச் சொல்லத் தெரியும் அவருக்கு. சுமதி மட்டும் இன்னும் அலுவலகம் போய்க்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சமையலறையில், உறைய வைத்த முருங்கைக்கீரையைக் கட்டியாக வாணலியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஒரு சீசன் பாக்கலாம்னு ஒத்துக்கிட்டேன்க்கா. வெளைச்சல் வரலைன்னா நிலத்தை வித்துட்டு வேலைக்குப் போகணும்னு சொல்லியிருக்கேன். நான் ஒருத்தியா எத்தனை நாள் இழுக்கிறது? நீ வந்து நின்னாலாவது ஏதாவது வரும்."

அந்தக் கீரை வெந்தும் பச்சை மாறவில்லை. வாசமும் இல்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை அதைத் திட்டினேன்.

நிலத்தைப் பார்க்கப் போன அன்று சுங்கச்சாலையில் செல்வம் இறங்க வேண்டிய வழியைத் தவறவிட்டார். நம் ஊரில் தவறவிட்டால் பின்னாலேயே வண்டியை எடுத்து, நாலு பேரிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிடலாம். அங்கே ஒரு தவறு செய்தால் பல மைல் அந்தத் தவறிலேயே போக வேண்டும். இருபுறமும் ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கடைகள், மனிதர் யாரும் நடக்காத நடைபாதைகள். "இங்க யாருமே கால்ல போக மாட்டாங்களா?" என்றேன். "வாக்கிங் போவாங்கக்கா, கார்ல பார்க் வரைக்கும் போயிட்டு" என்றார் செல்வம்.

ஆனால் நிலத்தைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். கரிசல். நல்ல கறுப்பு மண். குனிந்து ஒரு பிடி அள்ளிப் பிசைந்தால் விரலிடுக்கில் வெண்ணெய் மாதிரி பிதுங்கியது. இந்த மண்ணில் எதுவும் வரும் என்று சத்தமாகவே சொன்னேன். செல்வத்தின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வேலை போன மனிதரிடம் ரொம்ப நாள் கழித்து யாரோ நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள்.

எரு பற்றிப் பேச்சு வந்தபோது, கடையில் மூட்டையில் விற்கும் மக்கிய உரம் வாங்கலாம் என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. "பிளாஸ்டிக் மூட்டையில வர்றதெல்லாம் எருவா மாப்பிள்ளை? சுத்தி இத்தனை மாடு நிக்குது. சாணி வாங்குங்க. சாணி மாதிரி சுத்தமான பொருள் உலகத்துலயே கிடையாது."

இந்த வாக்கியத்தை நான் எவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன் என்பது இப்போதும் காதில் கேட்கிறது.

பக்கத்தில் மாட்டுப்பண்ணை வைத்திருந்தவர் டேல் என்ற கிழவர். தொப்பியைக் கழற்றாமலே தலையைச் சொறியும் வித்தை தெரிந்தவர். சாணி வேண்டும் என்றதும் சும்மாவே எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். பஞ்சகவ்யம் செய்யக் கோமியமும் வேண்டும் என்று சுமதி மொழிபெயர்த்துச் சொன்னபோது, "மறுபடியும் சொல்லு" என்றார். மறுபடி சொன்னாள். நான் வாளியோடு ஒரு மாட்டின் பின்னால் காத்துக்கொண்டு நின்றதை வேலிக்கு அந்தப்பக்கம் நின்று வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே பார்த்தார். சிரித்தாரே தவிர மாடு நகராமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான்.

முதல் லோடு ஏற்றிக்கொண்டு வந்தபோது மேலே போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் கிழிந்து, காய்ந்த சாணி சாலை முழுக்கப் பறந்தது. பின்னால் வந்த வெள்ளைக் காரின் கண்ணாடியில் அப்பியது. கொஞ்ச நேரத்தில் விளக்குச் சுழல ஒரு போலீஸ்காரர் வந்து நிறுத்தினார். செல்வம் ஸ்டீரிங்கில் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார், மருத்துவர் ஊசியை எடுக்கும்போது குழந்தை உட்காருமே, அப்படி. போலீஸ்காரர் சாணியைப் பார்த்தார், என் புடவையைப் பார்த்தார், "இறுக்கிக் கட்டுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வழியெல்லாம் நான் அந்தத் தார்ப்பாய் விற்றவனைத் திட்டிக்கொண்டு வந்தேன்.

பாத்தி பாத்தியாக எருவைக் கொட்டிக் கிளறினோம். தக்காளி, மிளகாய், பீன்ஸ், அவரை, வெண்டை. ஓரத்தில் காற்றுத் தடுப்புக்கு மக்காச்சோளம். கீழ்க்கோடியில் இரண்டு பாத்திக்கு எரு பத்தவில்லை. அடுத்த லோடில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, அங்கே வெண்டையை மட்டும் ஊன்றினோம்.

இதற்குள் செல்வம் பிளானோவிலுள்ள தமிழ்க் குடும்பங்களைச் சேர்த்து ஃபோனில் ஒரு குழு ஆரம்பித்திருந்தார். காய் வரும் காலத்தில் சனிக்கிழமை தோறும் இந்தியக் கடை வரிசையின் முன்னால் வண்டியில் வைத்துக் கொடுப்பதாக ஏற்பாடு. காய் வருவதற்கு முன்பே அங்கே போய் நின்றோம். என் யோசனைதான். வீட்டுப் பின்புறம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு மூட்டை எரு சும்மா கொடுப்போம், உறவு வளரும் என்றேன். ஜனங்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். "ஒரிஜினல் சாணியா ஆன்ட்டி? ஸ்மெல்லே வரலையே!" "நல்லா காஞ்ச சாணி நாறாது கண்ணு" என்று பாடம் நடத்தினேன்.

அப்படி வந்தவர்தான் ஃபரீதா. கீழக்கரைக்காரர், மருந்தாளுநர் வேலை. "என் வீட்டுக் கறிவேப்பிலையை வந்து பாருங்கக்கா, இந்த வருஷம் சோர்ந்து கெடக்கு" என்று கூப்பிட்டார். போனேன். பெரிய தொட்டியில் என் உயரத்துக்கு ஒரு மரம். குளிர்காலம் முழுக்கச் சக்கரப் பலகையில் வைத்து வீட்டுக்குள் தள்ளி, ஊரே உறைந்து மின்சாரம் போன சமயம் கம்பளி சுற்றி, பிள்ளையைப் போல வளர்த்திருக்கிறார். தேங்காய்ப்பால் சோறும் மீன் குழம்பும் போட்டார். டெக்சாஸில் நான் சாப்பிட்ட முதல் உருப்படியான சாப்பாடு. கைகழுவிவிட்டு, தொட்டியில் எருவைக் கொட்டி, கொண்டுபோன பஞ்சகவ்யத்தைத் தண்ணீரில் கலந்து நானே என் கையால் ஊற்றினேன்.

"பாருங்க, எப்படித் துளிர்க்குதுன்னு" என்றேன்.

சித்திரை வெயில் போல வெயில் ஏறியது. முதலில் தக்காளிக் கொழுந்து சுருண்டது. வெள்ளை ஈ, இலைச்சுருட்டை நோய் என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்தேன். இலையின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு ஈ கூட இல்லை. பீன்ஸ் இலைகள் கிண்ணம் மாதிரி குவிந்தன. தண்டு பாம்பு போல முறுக்கிக்கொண்டது. மிளகாயில் புது இலை நூல்நூலாக வந்தது. செடிக்குத் தெம்பில்லை என்று, சுருண்ட பாத்திகளுக்கு மட்டும் பஞ்சகவ்யத்தை இன்னும் கூட்டி ஊற்றினேன். ஊற்ற ஊற்ற மோசமானது. இத்தனை வருட விவசாயத்தில் எத்தனையோ நோய் பார்த்திருக்கிறேன். ஒரு நோய் எல்லாச் செடிக்கும் ஒரே மாதிரி வந்து பார்த்ததில்லை.

எரு போட்ட இடத்தில் ஓரத்து மக்காச்சோளம் மட்டும் ஒன்றுமே நடக்காதது போல், கரும்பச்சையாக, தோளுக்கு மேல் வளர்ந்து நின்றது. அதைப் பார்க்கவே எனக்கு ஆத்திரம் வந்தது.

சுமதி அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எடுத்து, ஒடித்த செடிகளோடு என்னை மாவட்ட வேளாண் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்த பெண் செடியைக் கையில்கூட வாங்கவில்லை. தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "எரு போட்டீர்களா? வைக்கோல் தின்ற மாட்டின் எருவா?" என்று கேட்டார்.

பிறகு அவர் சொன்னதைச் சுமதி நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னாள். புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளைக் கொல்ல ஒரு மருந்து அடிக்கிறார்கள். புல்லை அது ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லை அறுத்துக் காயவைத்துக் கட்டி, வைக்கோல் என்று விற்கிறார்கள். மாடு தின்கிறது. மாட்டுக்கும் ஒன்றும் ஆகாது. மருந்து அப்படியே மாட்டின் வயிற்றைக் கடந்து சாணியிலும் கோமியத்திலும் வெளியே வருகிறது. மக்கினாலும் சீக்கிரம் போகாது. தக்காளி, பீன்ஸ் இதெல்லாம் அதன் கண்ணுக்கு வெறும் களை. மக்காச்சோளம் புல் ஜாதி, அதனால் தப்பித்தது.

"கோமியத்துலயுமா?" என்று கேட்டேன்.

"அதிலதான் அதிகமாம்க்கா" என்றாள் சுமதி, என் முகத்தைப் பார்க்காமல்.

நம்பவில்லை நான். காகிதக் குவளைகளில் பாதிக்கு எருப் போடாத கீழ்க்கோடி மண், பாதிக்கு எருப் போட்ட மண் நிரப்பி, பீன்ஸ் விதை ஊன்றிச் சோதிக்கச் சொல்லியிருந்தார் அந்தப் பெண். சமையலறை ஜன்னலில் வரிசையாக வைத்தோம். எருப் போடாத மண் குவளைகளில் இலை உள்ளங்கை மாதிரி விரிந்தது. எருப் போட்ட மண் குவளைகளில் முளைத்ததெல்லாம் முறுக்கிக்கொண்டு தலையைத் தொங்கப் போட்டது. காபி போடப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டேல் வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க என்ன கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்துக்கொண்டு போனேன். வாசலிலேயே தமிழில் ஆரம்பித்துவிட்டேன். "விஷத்தைச் சாணின்னு குடுத்தியே, உன் வீட்டுத் தோட்டத்துல போடுவியா இதை?" சுமதி மொழிபெயர்ப்பதற்குள் அடுத்ததைக் கேட்டேன். கிழவர் ஒன்றும் புரியாமல் நாற்காலி எடுத்துப் போட்டார். பாதாம் போன்ற ஏதோ பருப்பு வைத்த இனிப்பு அப்பத்தை வெட்டி அவர் மனைவி தட்டில் கொண்டுவந்து வைத்தார். கோபத்தோடுதான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் ஒரு கோபம்.

எல்லாம் கேட்டுவிட்டு டேல் முதல் முறையாகத் தொப்பியைக் கழற்றினார். தன் மேய்ச்சல் நிலத்தில் மருந்தே அடிப்பதில்லை என்றார். மழை இல்லாமல் புல் காய்ந்தபோது வெளியிலிருந்து வைக்கோல் கட்டு வாங்கினாராம். உடனே விற்றவனுக்கு ஃபோன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஆமாம், அடித்தேன்" என்றது ஃபோன். "சட்டப்படிதான். டப்பாவில் எழுதியிருக்கிற அளவில்தான்."

"என்னிடம் சொல்லவில்லையே" என்றார் டேல்.

"நீங்கள் கேட்கவில்லையே."

அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிட்டான். யாரும் சட்டத்தை மீறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. விமான நிலையத்தில் என் அவரை விதையைக் கையுறை போட்டு எடுத்தெறிந்த நாட்டில், விஷம் வைக்கோலுக்குள் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகிறது, யாரும் கேட்கவில்லை என்பதால் யாரும் சொல்லவில்லை. யாரைத் திட்டுவது என்று தெரியாத கோபத்தைப் போல் கொடுமை வேறு கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை மாலை, சுமதி வீட்டு கராஜில் வெளிச்சம் தெரிந்ததே என்று போய்ப் பார்த்தேன். செல்வம் ஒரு குட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் மொத்தச் சந்தையிலிருந்து வந்த அட்டைப் பெட்டிகள். தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து, அதில் ஒட்டியிருந்த சின்ன ஸ்டிக்கரை நகத்தால் உரித்து, கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தார். உரித்த ஸ்டிக்கர்கள் அவர் முழங்காலில் ஒட்டியிருந்தன.

"என்ன பண்றீங்க மாப்பிள்ளை?"

நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாளைக்கு ஃபர்ஸ்ட் டெலிவரின்னு எல்லாருக்கும் சொல்லியாச்சுக்கா. ஒரு வாரம், ரெண்டு வாரம் மேனேஜ் பண்ணிட்டா கீழ வெண்டை வந்துரும்."

"இதை நம்ம தோட்டத்துக் காய்னு குடுக்கப் போறீங்களா?"

"வேற என்னக்கா பண்ணச் சொல்றீங்க? வேலையும் போச்சு, தோட்டமும் போச்சுன்னு போய் நிக்கவா? எல்லாரும் என்னைப் பாத்துச் சிரிக்கணுமா?"

"சிரிச்சா சிரிக்கட்டும்!"

அப்போதுதான் கையிலிருந்த தக்காளியைப் பெட்டிக்குள் எறிந்துவிட்டு எழுந்தார். "நான் கடையில பேக் உரம் வாங்கலாம்னு சொன்னேன். நீங்கதான் சாணி, சாணின்னு நின்னீங்க! உலகத்துலயே சுத்தமான பொருள்னு சொன்னது யாரு?"

சுமதி கதவருகே வந்து நின்றுகொண்டிருந்தாள். அவளும் எனக்காக ஒன்றும் பேசவில்லை. என்ன பேசுவாள்? அவர் சொன்னது உண்மை. கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றேன். "என் தப்பை நான் சொல்றேன். ஆனா இந்தக் காயைப் பத்தி வாயை மூடிட்டு நிக்க மாட்டேன். அது மட்டுமில்ல மாப்பிள்ளை. மூட்டை மூட்டையா குடுத்தோமே, அது எத்தனை வீட்டுல கெடக்கு? அவங்க செடியெல்லாம் இப்ப சுருண்டுட்டு இருக்கும். தங்களுக்குத்தான் வளர்க்கத் தெரியலைன்னு நெனச்சுட்டு இருப்பாங்க. அவங்ககிட்ட யார் சொல்றது?"

செல்வம் ஸ்டூலில் திரும்ப உட்கார்ந்தார். ஆனால் ஸ்டிக்கர் உரிப்பதை நிறுத்திவிட்டார்.

மறுநாள் காலை கடை வரிசை முன்னால் வண்டியை நிறுத்தினோம். பக்கத்துக் கடையில் தோசைக்கு வரிசை நின்றது. பைகளோடு ஆட்கள் வந்தார்கள். செல்வம் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். நான் ஆரம்பித்தேன்.

"இது எங்க தோட்டத்துக் காய் இல்லைங்க. மார்க்கெட்ல வாங்கினது. எங்க தோட்டம் செத்துப் போச்சு."

சாணி, வைக்கோல், மருந்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டப் போகிறார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். முன்னால் நின்ற ஒரு பையன், காதில் ஏதோ மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவன், ஒன்றைக் கழற்றிவிட்டு, "ஓ, ஓகே ஆன்ட்டி. பரவாயில்ல. தக்காளி ஃப்ரெஷ்ஷாதானே இருக்கு? ரெண்டு பவுண்டு போடுங்க" என்றான்.

அதற்குப் பின்னால் நின்ற அம்மாள், "இவ்ளோ தூரம் வந்தாச்சு, வெறுங்கையோட எப்படிப் போறது?" என்று தானே பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

என் வாழ்க்கையில் அப்படி ஒரு கோபம் வந்ததில்லை. ஏமாற்றியதற்குத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. "வெச்சுட்டுப் போங்க! விக்கிறதுக்கு இல்ல!" என்று கூடையைப் பிடுங்கி வண்டிக்குள் வைத்தேன். அந்த அம்மாள் கையில் தக்காளியோடு திகைத்துப்போய் நின்றார்.

அப்போதுதான் செல்வம் பேசினார். "எங்ககிட்ட எரு வாங்கினவங்க யார் யாரு? கை தூக்குங்க ப்ளீஸ். செடியில யூஸ் பண்ணாதீங்க. யூஸ் பண்ணியிருந்தா சொல்லுங்க, நானே வந்து எடுத்துக்கிறேன். மண்ணோட எடுத்துக்கிறேன். குழுவுலயும் போடுறேன்."

சில கைகள் உயர்ந்தன. ஒருவர், "அதான் என் தக்காளி அப்படி ஆச்சா? தண்ணி ஜாஸ்தியாயிடுச்சுன்னு என் வைஃபை டெய்லி திட்டிட்டிருக்கேன்" என்றார். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றுகொண்டு அவரைப் பார்த்த பார்வை எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அதன் பிறகு நான் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்தது வாடகைப் பிக்அப் வண்டியில், மண்வெட்டியோடு. பிளானோ, ஃபிரிஸ்கோ, ஆலன் என்று ஊர் ஊராக, வீடு வீடாகப் போய்ப் பின்புறத்துப் பாத்தியைத் தோண்டி அள்ளினோம். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள். ஒரு வீட்டில், "மண்ணை முன்பக்கம் வெச்சிடாதீங்க அங்கிள், காலனி அசோசியேஷன்லேர்ந்து லெட்டர் வந்துரும்" என்று விரட்டினார்கள். ஒரு வீட்டுக்காரர் வேடிக்கை பார்த்துக்கொண்டே, "வேலைக்கு இறங்கினா ஐடிக்காரனும் நல்லாத்தான் வெட்டுறான்" என்று செல்வத்தைக் கிண்டல் செய்தார். செல்வம் சிரிக்கவில்லை, வெட்டிக்கொண்டே இருந்தார். சுமதி அலுவலகம் முடிந்து வந்து, அதே உடுப்போடு மூட்டைக்கு வாய் பிடித்தாள். அவளும் அவரும் அதற்கு முன் எத்தனையோ வாரங்களாக ஒருவரோடொருவர் சரியாகப் பேசாதவர்கள். "பிடி", "விடு", "அந்தப் பக்கம்" என்றாவது பேசிக்கொண்டார்கள்.

ஃபரீதா வீட்டுக்குப் போவதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கறிவேப்பிலையின் கொழுந்தெல்லாம் கொக்கி மாதிரி வளைந்து, அடியில் இலை உதிர்ந்து கிடந்தது. நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"மாத்திரையில என்ன இருக்குன்னு கேக்காம ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்க்கா. அது என் வேலை" என்றார். "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊத்த விட்டேன். நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருக்கலாம். மரத்தைத் தொட்டியிலிருந்து உருவி, வேரிலிருந்த மண்ணையெல்லாம் குழாய்த் தண்ணீரில் கழுவினேன். அவர் ஒரு பக்கம் தண்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். வெறும் வேரோடு மரம் என் கையில் கனமே இல்லாமல் இருந்தது. புது மண்ணில் வைத்தோம். அன்றைக்குச் சாப்பிடச் சொல்லவில்லை அவர். நானும் எதிர்பார்க்கவில்லை.

அள்ளி வந்ததையெல்லாம் டேல் தன் மேய்ச்சல் நிலத்தில் கொட்டச் சொன்னார். புல்லை அது ஒன்றும் செய்யாதே என்றார். அந்தப் புல்லை மாடு தின்னுமே என்று கேட்டேன். அந்தத் துண்டை வேலி போட்டுத் தனியாக விட்டுவிடுவதாகவும், இனி வைக்கோல் வாங்கும்போது எழுதி வாங்குவதாகவும் சொன்னார். செய்வார் என்று நினைக்கிறேன். விற்கிறவன் எழுதித் தருவானா என்பது எனக்குத் தெரியாது.

சுமதியும் செல்வமும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். செல்வம் ஒப்பந்த வேலை ஒன்றில் சேர்ந்தார். நிலத்தை விற்கவில்லை. கீழ்க்கோடி இரண்டு பாத்தி வெண்டையைப் பறித்து, குழுவில் கேட்டவர்களுக்கு மட்டும் கொடுத்தார். மிச்ச நிலத்தில் புல் விதைத்து, பருவத்துக்கொரு முறை குவளையில் பீன்ஸ் ஊன்றிப் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார். இதில் நான் எதற்கும் உதவவில்லை. ஃபரீதாவின் மரம் பிழைத்ததா என்று சுமதியிடம் கேட்டேன். இலை ஒன்றும் இல்லை, தண்டு பச்சையாகத்தான் இருக்கிறதாம்.

ஊருக்கு வந்து இறங்கியதும், அமெரிக்கா எப்படி என்று கேட்டவர்களுக்கெல்லாம் சாலை நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன். அடுத்த வாரம் வழக்கமாக எரு போடும் ராசு டிராக்டரில் லோடு கொண்டுவந்தார். வரப்பில் ஏற்றித் திருப்பப் போனவரைக் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"இது எந்த மாட்டுச் சாணி?"

"என்னங்கம்மா புதுசா கேக்குறீங்க? பண்ணை மாடுதான்."

"என்ன தீவனம் போடுறாங்க?"

"சோளத்தட்டு."

"தட்டு சொந்தக் காட்டுலயா, வாங்குறாங்களா?"

"வாங்குறதுதாங்க."

"வாங்குற காட்டுல களைக்கு மருந்து அடிச்சாங்களா?"

ராசு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதையெல்லாம் எவன் கேட்டான்? இப்ப எரு வேணுமா, வேணாமா?"

"வேணும். ஃபோனைப் போட்டுக் கேளுங்க. தெரிஞ்சாத்தான் எறக்கணும்."

"பத்து வருசமா நான்தானே போடுறேன் உங்களுக்கு!"

"பத்து வருசமா நானும் கேக்கல" என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் காட்டில் களை பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ராசு முணுமுணுத்துக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். டிராக்டர் உறுமிக்கொண்டே நின்றது.

"எஞ்சினை அணைங்க" என்றேன். "பதில் வர்றதுக்கு நேரமாகும்."